இரண்டாவது வாக்கியம்

செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்பதில் மைக் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. இருபத்தோரு வருடமாக அதுதான் அவளுடைய வேலை. ரயில் நிலையத்து அறிவிப்பு அறையில் உட்கார்ந்துகொண்டு, தான் ஓட்டாத ரயில்கள் தாமதமாக வருவதற்காக, முகம் தெரியாத பயணிகளிடம் ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது முறை வருத்தம் தெரிவிப்பாள். நிலையத்தில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் மைக் அக்காதான். நாமும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

இதுவரை கூடவே வந்தவர்களுக்கு அவள் வீட்டுச் சங்கதி தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை.

அவள் கணவர் கர்னல். வெள்ள மீட்பில் அவருடைய படைப்பிரிவுச் சிப்பாய் ஒருவன் நீரில் மூழ்கி இறந்துபோனான். படகில் போனவர்கள் பன்னிரண்டு பேர். இருந்த லைஃப் ஜாக்கெட் ஏழு. ஜாக்கெட் போதாது என்று கர்னல் அதற்கு முன்பே மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தார். மூன்றும் எங்கேயோ போய்ப் படுத்துக்கொண்டன.

அடக்கத்தன்று அமைச்சரிடமிருந்து இரங்கல் செய்தி வந்தது. வழக்கப்படி அங்கிருந்த மூத்த அதிகாரி அதைப் படிக்க வேண்டும். கர்னல் மேடையேறிப் படித்தார். "அனைவருக்கும் தேவையான பாதுகாப்புக் கருவிகள் வழங்கப்பட்டிருந்தும்" என்ற வரி வந்ததும் நிறுத்தினார். "இந்த வரி உண்மையில்லை. இதை நான் படிக்க மாட்டேன்" என்றார். அத்தோடு இறங்கியிருந்தாலாவது ஆவேசத்தில் பேசிவிட்டார் என்று சொல்லலாம். மனுஷர் மிச்சச் செய்தியை ஒரு சொல் விடாமல் படித்து, தாளை நான்காக மடித்து, சல்யூட் அடித்துவிட்டு இறங்கினார். ராணுவக்காரர் கலகம் செய்தாலும் அணிவகுப்பு முறைப்படிதான் செய்வார் போலிருக்கிறது.

யாரோ செல்போனில் பிடித்தார்கள். பதினான்கு விநாடி. அதற்குப் பிறகு நாட்டில் பாதிப்பேர் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள், மீதிப்பேர் காலில் போட்டு மிதித்தார்கள். தலைமையகம் அவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டது. போன வாரம் ஒரு கடிதம் வந்தது. கூடவே, எப்படி எழுத வேண்டும் என்று தட்டச்சு செய்த ஒரு மன்னிப்புக் கடிதத்தின் மாதிரி. அதைத் தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு இன்றைக்கு மாலை ஐந்து மணிக்குள் கொடுத்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை விசாரணை.

மாதிரியில் இருந்தது இரண்டே வாக்கியம். சீருடையில் நின்று அமைச்சரின் செய்தியைப் பொதுவில் மறுத்தது தவறு என்பது முதலாவது. கருவிகளைப் பற்றித் தான் சொன்னது சரிபார்க்காத தகவல், அதைத் திரும்பப் பெறுகிறேன் என்பது இரண்டாவது.

முதலாவதை எழுத கர்னல் தயார். இரண்டாவதில்தான் கடிதம் வந்த நாளிலிருந்து வீடே சிக்கிக்கொண்டு கிடக்கிறது.

*

காலை ஐந்தரை மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், மைக் அக்கா அந்தப் பேச்சை மறுபடியும் எடுத்தாள்.

"ரெண்டாவதையும் எழுதிடுங்களேன்."

கர்னல் சமையலறை மேடையில் சாய்ந்து நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். முப்பது வருடத்தில் முதல் முறையாகச் சவரம் செய்யாத முகம். நரைத்த தாடியில் அவர் யாரோ மாதிரி இருந்தார்.

"எழுதினா?"

"எழுதினா முடிஞ்சுது. வாசல்ல டிவிக்காரன் வண்டி போயிடும். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரங்க என்னைப் பாத்தா மறுபடியும் சிரிப்பாங்க. மனுஷி நிம்மதியா ஒரு நாள் தூங்குவேன்."

"பொய்யாச்சேம்மா."

"நான் தினம் அறுபது தடவை வருத்தம் தெரிவிக்கிறேன். எனக்கு என்ன தேஞ்சா போச்சு?"

கர்னல் ஒரு வாய் குடித்தார். "உன் ரயில் நிஜமாவே லேட்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"முதல் வாக்கியத்துக்கு நான் எதாவது சொன்னேனா?" என்று கர்னல் தாழ்ந்த குரலில் தொடர்ந்தார். "கையில துப்பாக்கி வச்சிருக்கறவன், ஓட்டு வாங்கி வந்தவங்கள மேடை போட்டுத் திருத்தக் கூடாது. இன்னைக்கு நான் ஒரு வரி சொன்னேன், கைதட்டறாங்க. நாளைக்கு இன்னொருத்தன் வருவான். அவன் ஒரு வரியோட நிறுத்த மாட்டான். நாலு வருஷம் முன்னாடி அந்தக் கேப்டன் பையன் அமைச்சரத் திட்டி எழுதினானே, அவனை வீட்டுக்கு அனுப்பினது யாரு? நான்தான். அவன் எழுதினது சரியா தப்பான்னு ஒரு கேள்வி கேக்கல. சீருடையில இருந்து எழுதினான், அது போதும்னுட்டேன். எனக்கு மட்டும் வேற சட்டமா?"

"அப்ப தண்டனைய ஏத்துக்கிட்டுப் போங்க."

"ஏத்துக்கறேன்னுதானே சொல்றேன். ஜாக்கெட் இருந்துச்சுன்னு மட்டும் எழுதச் சொல்லாதே. அந்தப் பையனோட அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு, 'எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் போனானா'ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஜாக்கெட்டே கண்டுபிடிக்காத உலகத்தில் பிறந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

*

அறிவிப்பு அறை என்று பெயர்தான் பெரிது. ஆள் ஒன்று, நாற்காலி ஒன்று, வலை கழன்ற மின்விசிறி ஒன்று, நடைமேடைக்கு ஒன்றாக ஐந்து பொத்தான்கள். எதிரே கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் மூட்டை முடிச்சுகளோடு சனங்கள்.

பதினோரு மணிக்குக் கண்ணாடிக் கதவைத் தட்டியது சின்னவன். கர்னலுடைய ஒரே தம்பி. முப்பத்தொன்பது வயதாகிறது, முன்தலை காலியாகிவிட்டது, ஆனாலும் வீட்டுக்கு அவன் சின்னவன்தான். மைக் அக்கா கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடம் முடிக்கும் பையன். தாயில்லாத பிள்ளை. அவனுக்குப் பரீட்சை என்றால் இவளுக்குத் தூக்கம் போகும். அவன் எழுதும் கட்டுரைகளை அண்ணன்காரர் வரி வரியாகத் திருத்துவார். அந்தப் பையன் பத்திரிகையில் சேர்ந்து, அங்கிருந்து அமைச்சர் அலுவலகத்தில் செய்திப் பிரிவுக்குப் போனபோது, தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டவள் இவள்தான்.

பத்து நாளாக அவன் வீட்டுப் பக்கம் வரவில்லை. அமைச்சர் அலுவலகத்து ஆள், வந்தால் வம்பு என்று அவளே மனதில் சமாதானம் சொல்லி வைத்திருந்தாள்.

"என்னப்பா, ஆஃபீஸ் இல்லையா?"

"சொல்லிட்டு வந்தேன், அண்ணி." அவன் உட்காரவில்லை. உட்கார இடமும் இல்லை. "மைக் ஆஃப்லதானே இருக்கு?"

மைக் அக்கா ஐந்து பொத்தான்களையும் ஒரு முறைக்கு இரு முறை பார்த்தாள். "சொல்லு."

"அண்ணன் எழுதிக் குடுத்துட்டாரா?"

"அஞ்சு மணிக்குத்தான் கெடு. முதல் வாக்கியம் மட்டும் எழுதுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறார்."

"ரெண்டாவதையும் எழுதச் சொல்லுங்க அண்ணி. உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன்." அவன் நிஜமாகவே குனிந்துவிடுவான் போலிருந்தது.

"ஏன்ப்பா, உனக்கு என்ன?"

சின்னவன் கண்ணாடி வழியே வெளியே பார்த்தான். நடைமேடையில் ஒரு குழந்தை பலூனைக் கைவிட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தது. அதையே பார்த்தபடி சொன்னான்.

"அந்த இரங்கல் செய்திய எழுதினது நான்தான்."

மூன்றாம் நடைமேடைக்கு வர வேண்டிய ரயிலுக்கான விளக்கு எரிந்தது. மைக் அக்காவின் கை தானாகப் பொத்தானை அழுத்தியது, வாய் தானாகப் பேசியது. தொழில்நுட்பக் காரணங்களால் நாற்பது நிமிடம் தாமதம். பயணிகளுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம். குரலில் ஒரு பிசிறு இல்லை. பொத்தானை அணைத்த பிறகுதான் அவன் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியும்" என்றாள். "ஜாக்கெட் இல்லன்னு உனக்குத் தெரியும். நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேசையில உக்காந்து உங்க அண்ணன் உங்கிட்டதானே புலம்பினார்? நான்தானே பரிமாறினேன்?"

"தெரியும் அண்ணி. நான் எழுதின முதல் செய்தியில அந்த வரி கெடையாது. மேலதிகாரி கூப்பிட்டு, பாதுகாப்பப் பத்தி ஒரு வரி போடுன்னார். கிடங்கு ஃபைலக் காட்டினார். ஃபைல்ல வழங்கியாச்சுன்னு கையெழுத்து இருக்கு. லாரி கிளம்பல, அவ்வளவுதான். நான் வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல. யாரோ ஒரு அதிகாரி படிப்பார், முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அண்ணனே படிப்பார்னு நான் கண்டேனா?"

"வேற யாரு படிச்சா பரவாயில்லையா?"

அவளுக்கு ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது. முகத்தைப் பார்த்தால் அதற்கும் மனம் வரவில்லை. பத்து நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தான்.

"விசாரணை நடந்தா அண்ணன்கிட்ட முதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா? ஜாக்கெட் கொறைச்சல்னு முறைப்படி எழுதினதத் தவிர வேற யார்கிட்ட சொன்னீங்கன்னு கேப்பாங்க. வெளியாளுங்ககிட்ட பேசியிருக்காரான்னு பாக்கறதுக்காகவே கேப்பாங்க. அண்ணன் பொய் சொல்வாரா?"

"மாட்டார்."

"என் தம்பிகிட்ட சொன்னேன்பார். தம்பி எங்க வேலை பாக்கறான்? அமைச்சர் ஆஃபீஸ்ல. படை விஷயத்த வீட்ல வச்சு வெளியே விட்டார்னு அவர் மேல இன்னொரு குத்தம் விழும். இதுக்கு எச்சரிக்கையெல்லாம் கெடையாது அண்ணி, ஜெயில்தான். என் வேலையும் போகும், அது கிடக்கட்டும். ரெண்டாவது வாக்கியத்த எழுதிட்டார்னா விசாரணையே கெடையாது."

"இதப் போய் அவர்கிட்டயே சொல்லேன்."

"சொன்னா என்னைக் காப்பாத்தறதுக்காக எழுதிடுவார்" என்றான் சின்னவன். "எனக்குத் தெரியும். எனக்காக அவர் பொய்யில கையெழுத்துப் போட வேணாம், நீங்க கேட்டீங்கன்னு போடட்டும். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

*

மூன்றரை மணிக்கு வேலை முடிந்தது. பஸ்ஸில் ஒருவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"கர்னல் சார் வீட்டம்மாதானே? சார்கிட்ட சொல்லுங்கம்மா, விடக் கூடாது. அடுத்த தேர்தல்ல நின்னாருன்னா எங்க தெருவே அவருக்குத்தான்."

"சொல்றேங்க" என்றாள். கர்னலிடம் இதைச் சொன்னால் அந்த மிதிக்கிற கூட்டமே தேவலை என்பார்.

ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். உடம்பில் ஒரு இடம் பாக்கியில்லாமல் அசதி. கணவரிடம் உண்மையைச் சொன்னால், தம்பிக்காக அந்தப் பொய்யில் கையெழுத்துப் போடுவார். போட்ட பிறகு அந்தச் சிப்பாயின் அம்மா முகத்தில் எப்படி விழிப்பார்? ஆயுசுக்கும் கண்ணாடியில்கூடத் தன் முகத்தைப் பார்க்க மாட்டார். சொல்லாமல் விட்டால், திங்கட்கிழமை நேராக நடந்து போய்க் குழியில் விழுவார், தம்பியையும் இழுத்துக்கொண்டு. இரண்டு பக்கமும் எரிகிற கொள்ளியில் நடுவே மாட்டிய எறும்பு மாதிரி அவள் உட்கார்ந்திருந்தாள்.

தனக்குக் கல்யாணம் நடந்தது ஒரு மனிதரோடா, ஒரு படைப்பிரிவோடா என்ற சந்தேகம் அவளுக்கு அடிக்கடி வருவதுண்டு. இன்றைக்கு ஒரு அமைச்சகமும் சேர்ந்துகொண்டது.

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டாள். அரை மைல் திரும்பி நடந்தாள்.

*

வீட்டு வாசலில் ஜீப் நின்றது. தலைமையகத்திலிருந்து கடிதம் வாங்கிப்போக வந்த சிப்பாய், கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். மணி நாலரை.

உள்ளறையில் கர்னல் மேசைமுன் இருந்தார். முகம் மழித்திருந்தார். ஒரு தாளை எழுதி முடித்து வைத்திருந்தார்.

"கதவைச் சாத்திட்டு வா. இதப் படி. உன் குரல்ல கேட்டா எனக்குப் பிழை தெரிஞ்சிடும்."

மைக் அக்கா தாளை எடுத்தாள். சீருடையில், பொது இடத்தில், அமைச்சரின் செய்தியை மறுத்துப் பேசியது படை ஒழுங்கை மீறிய செயல். அதற்கு நான் முழுப் பொறுப்பு ஏற்கிறேன், எந்தத் தண்டனைக்கும் உடன்படுகிறேன். அதற்குக் கீழே கையெழுத்து. வேறொன்றும் இல்லை.

படித்து முடித்துவிட்டு அப்படியே நின்றாள். சொல்லலாமா வேண்டாமா என்று அரை மைல் தூரம் நடந்தது எதற்கும் உதவவில்லை. இவரிடம் மறைத்து வைத்துக்கொண்டு இந்த வீட்டில் ஒரு ராத்திரி படுக்க முடியாது என்று மட்டும் தெரிந்தது.

"என்னங்க. ஒண்ணு சொல்லணும். சொன்னதும் நீங்க இதக் கிழிச்சிட்டு வேற எழுதக் கூடாது."

"சின்னவன் ஸ்டேஷனுக்கு வந்தானா?"

அவள் தாளை மேசையில் வைத்தாள்.

"உங்களுக்கு எப்படி...?"

"செய்தி எழுதினது அவன்தான்னு தெரியும்."

"யாரு சொன்னா? எப்ப?"

"யாரும் சொல்லல. மேடையிலயே தெரிஞ்சுது." கர்னல் பேனாவுக்கு மூடியைப் போட்டார். "செத்துப்போன அந்தப் பையன் படகுல எப்பவும் கடைசியாத்தான் ஏறுவான், எல்லாரும் ஏறினாங்களான்னு எண்ணிட்டுத்தான் ஏறுவான். அது அந்தச் செய்தியில இருந்துச்சு. அத நான் ஒரே ஒரு ஆள்கிட்டதான் சொல்லியிருக்கேன். உன் சாப்பாட்டு மேசையில. அதப் படிச்சதும், அட, நம்ம பய எழுதினதான்னு மனசுக்குள்ள ஒரு சந்தோஷம்கூட வந்துச்சும்மா. அடுத்த வரி ஜாக்கெட்."

கூடத்தில் சிப்பாய் இருமினான். மைக் அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அப்ப, தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"ஊரு பூரா நான் அமைச்சர எதுத்துட்டேன்னு கத்துது. பத்து நாளா நானும் யோசிச்சுப் பாக்கறேன். வேற எவனாவது எழுதியிருந்தா மென்னு முழுங்கிட்டு அந்த வரியயும் படிச்சிருப்பேன்னுதான் தோணுது. முப்பது வருஷமா எத்தனை வரிய முழுங்கியிருக்கேன்! தெரிஞ்சும் என் தம்பி எழுதிட்டானேன்னு வந்துச்சு பாரு ஒரு கோபம், அது என்னைக் கேக்காமலே வெளிய வந்துடுச்சு. நான் அமைச்சருக்குச் சொல்லல. அவனுக்குச் சொன்னேன்."

அவருடைய கண் கலங்கியிருந்தது. அவள் அதைப் பார்க்காத மாதிரி தாளை எடுத்து உறைக்குள் போட்டாள்.

"திங்கக்கிழமை யார்கிட்ட சொன்னீங்கன்னு கேட்டா?"

"கேட்டா சொல்லுவேன். அதுவரைக்கும் அவனுக்கு டைம் இருக்கு. நானா அவனக் கூப்பிட மாட்டேன்."

சிப்பாய் உறையை வாங்கி, ரசீதில் நேரம் குறித்துக் கொடுத்தான். நாலு ஐம்பத்திரண்டு. ஜீப் கிளம்பிப் போனது. டிவி வண்டியும் அதன் பின்னாலேயே ஓடியது.

ஐந்தடித்து மூன்று நிமிடத்தில் அவள் செல்போன் கூப்பிட்டது. சின்னவன்.

"அண்ணி, அண்ணன் எழுதிட்டாரா?"

"எழுதி அனுப்பியாச்சு. முதல் வாக்கியம் மட்டும்."

"அண்ணி! நான் அவ்வளவு சொல்லியும்..."

"இருப்பா, என்னைப் பேச விடு." அறிவிப்புக் குரலைத் தேடினாள், வரவில்லை. வந்தது அவன் பரீட்சைக்குப் படிக்காமல் தூங்கியபோது எழுப்பிய குரல். "அண்ணனோட தப்பு முதல் வாக்கியம். அத அவர் எழுதிட்டார். ரெண்டாவது வாக்கியம் அவரோடது இல்ல. ஜாக்கெட் இருந்துச்சுன்னு எழுதினது யாரு? அத வாபஸ் வாங்க வேண்டியது யாரு? உன் கையால நீ எழுது."

"எழுதினா என் வேலை..."

"போகும். தெரியும்."

"அண்ணனுக்கு நான்தான்னு தெரிஞ்சுட்டுதா?"

"மேடையிலயே தெரிஞ்சுட்டுது."

மறுமுனையில், அவன் அலுவலகத்தில் யாரோ சிரிப்பதும், அச்சு இயந்திரம் தாளைத் தள்ளுவதும் கேட்டன. கர்னல் வாசற்படியில் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார், ஆனால் தெருவைப் பார்க்கவில்லை, காது இந்தப் பேச்சில்தான் இருந்தது.

"விசாரணை எத்தனை மணிக்கு அண்ணி?"

"திங்கக்கிழமை காலைல பத்து."

"பத்து மணி" என்று அவன் திருப்பிச் சொன்னான். மேசையில் ஒரு தாளை இழுக்கும் சத்தம் கேட்டது. அவன் போனை வைக்கவில்லை. மைக் அக்காவும் வைக்கவில்லை.